ஐ7னு சொன்னா ஆச்சா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல சொல்லிக்கறேன். திரும்ப எழுத வெச்ச புண்ணியவான் எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி. "அண்ணே, சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் கட்டலாம்னு இருக்கேன். பட்ஜெட் கம்மி. எந்த ப்ராசசர் வாங்கலாம்?"னு கேட்டான். "எந்த போர்டு வாங்கப் போற?"னு திருப்பிக் கேட்டேன். "அது ஏதாவது ஒண்ணு போட்டுக்கலாம்ணே"ன்னான். எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. டீ ஆறிப்போற வரைக்கும் பிடிச்சு வெச்சுப் பேசினேன். அவன் தப்பிச்சு ஓடிட்டான், மீதிக்கு நீங்க மாட்டிக்கிட்டீங்க :-)

என் கட்சி இதுதான். கையில காசு கம்மியா இருக்கறவங்க முதல் பொட்டியை மதர்போர்டுல ஆரம்பிக்கணும், அடுத்தது எஸ்எம்பிஎஸ். ப்ராசசர் அதுக்கப்புறம்தான். ஊர்ல நடக்கறது என்ன? ப்ராசசர் பேரைச் சொல்லி ஆரம்பிச்சு, பாதிக் காசை அதுல கொட்டிட்டு, மிச்சம் மீதியில கிடைச்ச போர்டையும் ஓசியில வந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் மாட்டறாங்க. அஸ்திவாரத்துக்குக் காசில்லாம மொட்டை மாடிக்கு டைல்ஸ் வாங்கின கதை.

சும்மா சொல்லலை. 2023 ஜூன் மாசம் நடந்ததைச் சொல்றேன்.

அக்கா பொண்ணு பாளையங்கோட்டையில காலேஜ் சேர்ந்தா. விஷுவல் கம்யூனிகேஷன். படத்தை வெட்டி ஒட்ட, வீடியோ எடிட் பண்ண வீட்ல ஒரு பொட்டி வேணும். அத்தான் சின்னதா ஸ்டேஷனரி கடை வெச்சிருக்கார். ஏலச்சீட்டு எடுத்த பணத்துல மத்த செலவெல்லாம் போக 35,000 ரூபாய் கையில இருந்துச்சு. ஒரு ராத்திரி போன் பண்ணார்.

"மாப்ளே, இங்கன ஒரு கடையில ஐ7 பொட்டி 22,000 ரூவாய்க்குத் தாரான். பதினாறு ஜிபி ராமு, எஸ்எஸ்டி, மானிட்டர் எல்லாம் சேத்து. நாளைக்குப் போயி எடுத்துட்டு வந்துரட்டா?"

"ஐ7ல எந்த ஜெனரேஷன் அத்தான்?"

"ஐ7னுதான் போட்டிருக்கான். ஐ3, ஐ5ஐ விட ஒசத்திதானவே?"

போட்டோ அனுப்பச் சொன்னேன். ஐ7-2600. மக்களே, அது 2011ல வந்த சிப். பேர்ல கோடு போட்டதுக்கு அப்புறம் வர்ற முதல் நம்பர்தான் அப்பல்லாம் ஜெனரேஷன். 2600னா ரெண்டாவது, 12100னா பன்னெண்டாவது. அத்தான் கடையில விக்கிற டைரி மாதிரிதான். அட்டை எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் உள்ள என்ன வருஷம்னு பார்க்கணும்ல? 2022ல வந்த ஐ3-12100, வெறும் நாலு கோர் சமாச்சாரம், இந்தப் பழைய ஐ7ஐ ஓட ஓட விரட்டும். அதுவும் இதுவும் கம்ப்யூட்டர் கடையில ஒரே அலமாரியில இருக்கு, ஒண்ணுல '7', இன்னொண்ணுல '3'. பாமரன் எதை எடுப்பான்?

அந்த 22,000 ரூபாய் பொட்டியில எல்லாமே ஒண்ணுக்கொண்ணு சரியாப் பொருந்தித்தான் இருந்துச்சு. எச்61 போர்டு, டிடிஆர்3 ராம், 1155 சாக்கெட். மாட்டினா ஓடும். ஆனா அந்தப் போர்டுல அதுக்கு மேல போட ஒண்ணும் கிடையாது. மூணாவது ஜெனரேஷனோட கதை முடிஞ்சது. டிடிஆர்3 ராமை எடுத்துட்டுப் போய் நாளைக்கு வேற எதுலயும் போட முடியாது. முக்கியமா விண்டோஸ் 11, இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழ இருந்தா முறைப்படி ஏறாது, டிபிஎம் 2.0 வேற கேக்கும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மங்களம்னு மைக்ரோசாஃப்ட் அப்பவே அறிவிச்சாச்சு. பொண்ணு மூணாவது வருஷம் ப்ராஜெக்ட் பண்ற நேரத்துல பொட்டிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னு போகும். பொருந்துமான்னு கேக்கறப்ப, அடுத்த மூணு வருஷத்துக்கும் பொருந்துமான்னு சேத்துக் கேக்கணும். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், நாமளும் கேக்க மாட்டோம்.

(லினக்ஸ் போட்டுக்கலாமேன்னு சண்டைக்கு வர்ற அண்ணாச்சிகளுக்கு: நானும் உபுண்டு ஆசாமிதான். ஆனா காலேஜ்ல சொல்லித் தர்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடுது. அவளோட மார்க்கை வெச்சு என் கொள்கையைக் காப்பாத்திக்க எனக்கு மனசில்லை.)

"அத்தான், அதை வாங்காதீங்க, நான் கட்டித் தர்றேன்"னு வாய் விட்டுட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. "22க்கும் 35க்கும் 13,000 வித்தியாசம் மாப்ளே. ஒரு செமஸ்டர் பீஸு அது"ன்னார். அந்த வார்த்தைதான் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வராம பண்ணுச்சு. நம்ம சொந்தக் காசுல தப்பு பண்ணினா தங்கமணி திட்டோட போச்சு. இது சீட்டுக் காசு. ஒரு பார்ட் தப்பாப் போனாலும் அக்கா வீட்டுப் பக்கம் தலை காட்ட முடியாது.

தூக்கம் வராததுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொசுவத்தியைக் கொளுத்திக்கோங்க. 2019 செப்டம்பர். எனக்குன்னு ஒரு பொட்டி கட்ட ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ரைசன் 5 3600 வந்து ரெண்டே மாசம். பி450 போர்டு ஒண்ணு நல்ல விலைக்குக் கிடைச்சுது. ரெண்டுமே ஏஎம்4 சாக்கெட், சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து மாட்டினா காத்தாடி சுத்துது, லைட் எரியுது, திரையில ஒண்ணுமே இல்லை. ராமைக் கழட்டி மாட்டினேன், கேபிள் மாத்தினேன், பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கிட்டேன். ஒண்ணும் நடக்கலை. ஒரு வாரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. போர்டு பழைய ஸ்டாக். அதோட பயாஸ் எழுதினப்ப 3600 பொறக்கவே இல்லை. சாக்கெட்டுல கால் 1331ம் அழகா உட்காரும், ஆனா போர்டுக்கு இவன் யாருன்னே தெரியாது. கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க ஒரு பையன் பழைய ரைசன் ஒண்ணை மாட்டி, பத்து நிமிஷத்துல பயாஸை ஏத்திக் குடுத்தான். போர்டு அட்டைப்பெட்டியில 'ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி'ன்னு ஸ்டிக்கர் இருக்கான்னு பார்த்து வாங்கியிருந்தா அந்த ஒரு வாரம் மிச்சம்.

ஒரே சாக்கெட்னா பொருந்தும்னு நினைக்கறது எவ்வளவு பெரிய தப்புன்னு இன்டெல்காரங்களும் காட்டியிருக்காங்க. ஆறாவது, ஏழாவது ஜெனரேஷனுக்கு 1151 சாக்கெட். எட்டாவது, ஒன்பதாவதுக்கும் 1151. துளை எண்ணிக்கை ஒண்ணு, ஆனா எட்டாவதை எடுத்து ஏழாவதோட போர்டுல வெச்சா ஓடாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க இன்னமும் இதுல மாட்டறாங்க. அதனால போர்டு கம்பெனி தன் தளத்துல போட்டிருக்கற 'சிபியு சப்போர்ட்' பட்டியலைப் பாருங்க. எந்த ப்ராசசருக்கு எந்த பயாஸ் வேணும்னு வரிவரியா இருக்கும். கடைக்காரர் வாய்ச்சொல்லு, யூட்யூப் தம்பி சொல்லு, ஏன் என் சொல்லைக் கூட நம்பாதீங்க, அந்தப் பட்டியலை நம்புங்க.

சரி, பாளையங்கோட்டை மேட்டருக்கு வருவோம். 35,000ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வழியில்லை. அப்ப ப்ராசசருக்குள்ளயே படம் காட்டற வசதி இருக்கணும். இங்கதான் பேருக்குப் பின்னாடி வர்ற ஒத்தை எழுத்து விளையாடும். இன்டெல்ல 12400 வாங்கினா மானிட்டரைச் செருகிடலாம், 12400எஃப் வாங்கினா தனி கார்டு இல்லாம திரை இருட்டு. ஏஎம்டியில 5600ல படம் வராது, 5600ஜில வரும். எஃப் போட்டது ஆயிரம் ரெண்டாயிரம் கம்மியா இருக்கும், "அதே ப்ராசசர் சார்"னு எடுத்துக் குடுத்துருவாங்க.

நான் எடுத்தது 5600ஜி, பி450 போர்டு. 'ரைசன் 5000 ரெடி' ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தும் திருப்தி வராம, கடையிலயே மாட்டி திரையில பயாஸ் தெரிஞ்சப்புறம்தான் காசைக் குடுத்தேன். கடைக்காரர் முறைச்சார். முறைச்சுக்கட்டும்.

நண்பர் ஒருத்தர் கேட்டார், "ஏஎம்4 செத்துப்போன சாக்கெட்டாச்சே, ஏஎம்5 போயிருக்கலாமே?" 2022ல ஏஎம்5 வந்தாச்சு, உண்மைதான். ஆனா அதுல டிடிஆர்5 மட்டும்தான் போகும், அன்னிக்கு போர்டு விலையும் ராம் விலையும் சேர்ந்து மானிட்டர் காசை முழுங்கியிருக்கும். மானிட்டர் இல்லாத எதிர்காலத்தை வெச்சுக்கிட்டு அவ என்ன எடிட் பண்ணுவா? செத்துப்போச்சுன்னு சொன்ன அந்த சாக்கெட்டுக்கு 2024 ஜனவரியில கூட 5700எக்ஸ்3டின்னு புதுசு விட்டாங்க. கையில தாராளமாக் காசு இருந்தா ஏஎம்5 போங்க, 2027 வரைக்கும் அதைத் தாங்குவோம்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. கம்மி பட்ஜெட்காரன் இன்னிக்கு வேலை நடக்கறதைத்தான் முதல்ல பார்க்கணும்.

ராம்ல ஒரே ஒரு விஷயம். பதினாறு ஜிபி வேணும்னா எட்டு எட்டா ரெண்டு வாங்குங்க. ப்ராசசருக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸ், தனக்குன்னு ராம் இல்லாம நம்ம ராமைத்தான் கடன் வாங்கும். ஒத்தைக் குச்சின்னா ஒத்தையடிப் பாதை, ரெண்டுன்னா ரெண்டு வழிச் சாலை. நாலு ஸ்லாட் இருந்தா ப்ராசசர்லேர்ந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும். டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் 288 கால்தான், நடுவுல இருக்கற வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். இன்டெல்ல 12, 13, 14 மூணுக்குமே ரெண்டு விதமான போர்டும் வருது, எச்610னே ரெண்டு ரகம் இருக்கு. போர்டு பேர் கடைசியில 'டி4'னு ரெண்டு எழுத்து இருக்கா இல்லையாங்கறதுல உங்க ராமோட தலையெழுத்து இருக்கு. உள்ள போகலையேன்னு அமுக்கி உடைச்சவங்களை எனக்குத் தெரியும்.

எஸ்எஸ்டியில எம்.2ன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. அதே வடிவத்துல சாட்டாவும் வருது, என்விஎம்இயும் வருது. ஸ்லாட் எதை ஏத்துக்கும்னு கையேட்டுல இருக்கும். சில போர்டுல எம்.2 மாட்டினா ரெண்டு சாட்டா போர்ட் தூங்கிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை அங்க மாட்டிட்டு "காணோம், காணோம்"னு தேடுவீங்க.

இப்ப எஸ்எம்பிஎஸ். மனுஷங்க ஏன் இதுல மட்டும் இவ்வளவு கஞ்சத்தனம் பண்றாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. கேபினட்டோட ஓசியில ஒண்ணு வருதுன்னு கடைக்காரர் காட்டினார். மேல கொட்டை எழுத்துல 450. கையில எடுத்தா காலி டிபன் பாக்ஸ் மாதிரி கனமே இல்லை. பக்கவாட்டுல ஒட்டின தாளைப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு நேரா 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால பெருக்குங்க, 192 வாட். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்கறது இந்த 12 வோல்ட்டைத்தான். அப்ப மீதி? பேப்பர்ல இருக்கு. அத்தான்கிட்ட இதைச் சொன்னதும் மனுஷன் சட்டுனு பிடிச்சுக்கிட்டார். "கிலோன்னு எழுதி அரைக் கிலோ கல்லு போடுற மாதிரியா?" அதேதான் அத்தான்.

3,300 ரூபாய்க்கு, 80 ப்ளஸ் ப்ரான்ஸ் போட்ட, 12 வோல்ட்லயே கிட்டத்தட்ட முழு 450ஐயும் தர்ற ஒண்ணை எடுத்தேன். இந்தப் பொட்டிக்கு 150 வாட் கூடத் தேவையில்லை. பின்ன எதுக்குன்னா, ஒரு நாள் அவ கிராஃபிக்ஸ் கார்டு போடுவா. அப்ப கார்டுக்குன்னு ஒரு 6+2 பின் கேபிள் வேணும். ப்ராசசருக்குப் போற 4+4ம் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனா ரெண்டும் வேற. மாத்திச் செருகப் பார்க்காதீங்க.

இன்னொண்ணு, இதைச் சொல்லாம விட்டா எனக்குப் பாவம் வரும். கேபிளைக் கழட்டி மாட்டற மாடுலர் எஸ்எம்பிஎஸ் வெச்சிருக்கறவங்க, பழசோட கேபிளைப் புதுசுல போடாதீங்க. செருகற முனை ஒரே மாதிரி இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்துல எந்தக் கால்ல எந்த வோல்ட்டுங்கறதுக்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என் கூடப் படிச்ச ஒருத்தன், கேபிள் நீளம் பத்தலைன்னு பழசுலேர்ந்து சாட்டா கேபிளை எடுத்து மாட்டினான். அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னெண்டு போயிருக்கு. ஹார்ட் டிஸ்க் புகைஞ்சுது. அவன் பையனோட முதல் வருஷத்துப் போட்டோ அத்தனையும் அதுலதான் இருந்துச்சு. வேற எங்கயும் இல்லை. அவன் பொண்டாட்டி அதைப் பத்தி இன்னிக்கும் பேசறதில்லைன்னு சொன்னான்.

எல்லாம் சேர்த்து 22 இஞ்ச் மானிட்டரோட 34,500 ஆச்சு. கீபோர்டும் மவுஸும் என்கிட்ட இருந்த பழசு. நெல்லை எக்ஸ்பிரஸ்ல மடியில வெச்சுக் கொண்டு போனேன். மானிட்டருக்கு ஒரு சீட் போடணும்னு டிடிஆர் கேப்பாரோன்னு பயம்.

கட்டினது நான் இல்லை, அவதான். நான் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயால கட்டினேன். தங்க முக்கோணத்தைப் பார்த்து ப்ராசசரை வெச்சா. அதோட வந்த கூலரை மாட்ட, போர்டுல இருக்கற ரெண்டு பிளாஸ்டிக் பட்டையைக் கழட்டணும். கழட்டினதும் பின்னாடி இருக்கற தகடு 'டொப்'னு கீழே விழும், எல்லாருக்கும் விழும், அவளுக்கும் விழுந்துச்சு. "உடைச்சுட்டேனா மாமா?"ன்னு முகம் வெளிறிப் போச்சு. அத்தான் வாசல்படியில நின்னு பார்த்துட்டே இருந்தார், உள்ள வரலை. போர்டுக்கு அடியில போடற பித்தளைக் குமிழைச் சரியான துளைகள்ல மட்டும் போடச் சொன்னேன், வேண்டாத இடத்துல ஒண்ணு இருந்தா போர்டு முதுகுல பட்டு ஷார்ட் ஆகும். இவ்வளவு பேசின நான், பின்பக்கம் வைக்கற ஐஓ தகட்டை மறந்துட்டேன். எல்லாத்தையும் திரும்பக் கழட்டினோம். பல வருஷமாப் பொட்டி தட்டறவன்னு பேரு வேற.

ராத்திரி பதினொன்றரைக்கு பட்டனை அமுக்கினா. காத்தாடி சுத்துச்சு, திரை இருட்டு. 2019 அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. அத்தான் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். எனக்கு வேர்த்துக் கொட்டுது, அவ மட்டும் அசரலை. குனிஞ்சு ஒரு ராமை அழுத்தினா, 'க்ளிக்'னு சத்தம். ஒரு பக்கம் சரியா உட்காரலை, அவ்வளவுதான். பயாஸ் வந்துச்சு. உள்ள போய் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணச் சொன்னேன், இல்லைன்னா 3200ன்னு காசு குடுத்து வாங்கின ராம் அதை விட மெதுவா ஓடிட்டிருக்கும். அத்தான் உள்ள வந்து, "அந்த அட்டைப்பொட்டி எதையும் தூரப் போடாத ஏட்டி, வாரண்டி இருக்கு"ன்னார். அவர் பாராட்டு அவ்வளவுதான் வரும்.

2025 தீபாவளி. விண்டோஸ் 10 மூச்சை விட்டு ஒரு வாரம் ஆகலை. அவ பொட்டி விண்டோஸ் 11ல ஓடுது. கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் குடுத்து, சேர்த்த காசுல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போறேன்னு போன் பண்ணா. "6500எக்ஸ்டி விலை கம்மியாத்தான் இருக்கு மாமா. ஆனா அதுக்கு நாலே லேன். 5600ஜில பிசிஐஇ 3தான் வருது, அப்ப அடி வாங்கும்ல? அதனால 6600 பாக்கேன். 132 வாட், ஒரே ஒரு எட்டு பின். நம்ம எஸ்எம்பிஎஸ்ல இருக்கு. கேபினட்டுக்குள்ள அப்பா கடை ஸ்கேலை வெச்சு நீளமும் அளந்துட்டேன்"ன்னா. நான் சொல்றதுக்கு ஒண்ணுமே மிச்சம் வைக்கலை.

"அப்படியே ராமையும் 32 ஆக்கிரவா மாமா?"ன்னு கேட்டா. இங்கதான் நான் பெரிய மனுஷன் தோரணையில, "அவசரப்படாத, பொங்கலுக்கு ஆஃபர் வரும், அப்ப வாங்கலாம்"னேன். அடுத்த ரெண்டு மாசத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை அள்ளிட்டுப் போக, ராம் விலை எங்கேயோ போயிருச்சு. டிசம்பர்ல மைக்ரான்காரங்க, நாம இத்தனை வருஷமா வாங்கிட்டிருந்த க்ரூஷியலையே நிறுத்தப் போறோம்னு சொல்லிட்டாங்க.

இப்ப எப்ப போன் பண்ணினாலும் அவ கேக்கற முதல் கேள்வி, "மாமா, பொங்கல் ஆஃபர் வந்துட்டா?"